ஃபார்வர்டு செய்வதும் கையெழுத்துதான்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காக, செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தந்திருக்கிறேன்.)



லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரிக் கணக்கு, சம்ப் சுத்தம் செய்யும் தேதி எல்லாம் பேசி முடித்துவிட்டோம். எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரியும். எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்ல. முப்பத்தைந்து வருடம் வங்கி கவுன்டரில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தவன். அதனால் கணக்குச் சொல்வது போலத்தான் சொல்ல வரும்.

விஷயம் இதுதான். பைக் விபத்தில் அடிபட்டவர்கள், இறந்தவர்கள் படங்களை நம் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா, கூடாதா? இதைப் பற்றிக் குழுவிலேயே இரண்டு முறை வாக்குவாதம் நடந்தது. இரண்டு முறையும் நான் வாயைத் திறக்கவில்லை. காரணம், அந்தப் படங்களில் ஒன்றைப் போட்டவனே நான். இன்று அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடந்த ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. காபி குடித்துக்கொண்டே போனைப் பார்க்கிறேன். என்னுடன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. பொன்னேரிக்கரை அருகே சாலை ஓரத்தில் ஒரு பையன் கிடக்கிறான். முகம் பாதி தெரிகிறது. சுற்றிலும் ரத்தம். பக்கத்தில் பைக். கீழே, "சற்றுமுன் பைக் விபத்து, வாலிபர் சம்பவ இடத்திலேயே பலி" என்று இருந்தது. என் மனம் பதறியது உண்மை. பதறிய மனம் என்ன செய்தது? "ஹெல்மெட் அணியாததன் விளைவு. பெற்றோர்களே, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்த்து, கைகூப்பும் படத்தையும் போட்டு, நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். அதில் ஒன்று நம் குடியிருப்புக் குழு. நேரம் காலை 7.12. நல்ல காரியம் செய்த திருப்தியோடு குளிக்கப் போய்விட்டேன்.

நம் பிளாக்கில் இரண்டு வீடுகளில் வேலை செய்யும் அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். அவரிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் இதைச் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். பிள்ளையார்பாளையம் பக்கம் வீடு. கணவர் தறிக்காரர். கூலிக்கு நெய்கிறவர். மகன் தறியில் உட்காரவில்லை. தறிக்கூலியில் தங்கையைப் படிக்க வைக்க முடியாது என்று ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

அன்று அவர் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டு அம்மா, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், "இந்தக் கொடுமையைப் பாரேன்" என்று போனை நீட்டியிருக்கிறார். முகம் சரியாகத் தெரியாத படம்தான். ஆனால் பைக்கில் தொங்கிய சாப்பாட்டுப் பை தெரிந்தது. முதல் நாள் சாயந்திரம் அந்தப் பையில் சாதம் கட்டிக் கொடுத்தவர் அவர். சோப்புக் கையோடு படியிறங்கி ஓடினார் என்று வாட்ச்மேன் சொன்னார்.

இதில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அந்தப் பையன் அப்போது சாகவில்லை. 108 வந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். நான் அந்த "பலி" என்ற சொல்லை அனுப்பிய நேரத்தில் அவனுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. பிறகு சென்னைக்குக் கொண்டு போனார்கள். நான்காம் நாள்தான் போனான். இரண்டாவது, அவன் ஹெல்மெட் போட்டிருந்தான். உதவிக்கு வந்த யாரோ கழற்றி ஓரமாக வைத்திருக்கிறார்கள். படத்தின் எல்லைக்குள் அது வரவில்லை, அவ்வளவுதான். விளக்கு எரியாமல் இருட்டில் நின்ற ஒரு வண்டியின் பின்னால் மோதியிருக்கிறான். ஆக, நான் அனுப்பிய இரண்டு வரியும் பொய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் வேலைக்கு வந்தபோது நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் சார் போட்டிருப்பீங்க" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனா என் புள்ளைய நாலு நாளு முன்னாடியே எல்லாரும் சேர்ந்து சாகடிச்சிட்டாங்க சார். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே எங்க தெருவுல ஒப்பாரி வச்சிட்டாங்க. மூச்சு இருக்குன்னு சொன்னப்ப கூட எனக்கு நம்பத் தெரியல."

நான் என்ன பதில் சொல்ல? நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இனி இதை ஒரு தனிப்பட்ட துக்கமாக மட்டும் வைக்காமல், பொதுவாக யோசிப்போம். நம் குழுவில் எதிர்த்தரப்பில் பேசியவர்களும் நியாயமாகவே பேசினார்கள். பத்தொன்பது வயதுப் பையனுக்குத் தகப்பனான ஒருவர் எழுதினார்: "நான் ஆயிரம் முறை சொல்லிக் கேட்காதவன், ஒரு படத்தைப் பார்த்து ஒரு வாரம் ஹெல்மெட் போட்டான். ஒரு உயிர் பிழைத்தால் போதாதா?" இதை லேசாகத் தள்ள முடியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிஃப்டுக்குப் போகும் பிள்ளைகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. பயம் நியாயமானதுதான்.

ஆனால் அவர் சொன்னதிலேயே பதிலும் இருக்கிறது. "ஒரு வாரம்" என்றார். எட்டாம் நாள் அடுத்த படம் வேண்டும், இன்னும் கோரமாக. அப்படியே போனால் ஒரு நாள் எதைப் பார்த்தாலும் கை தானாக அடுத்த படத்துக்குத் தள்ளிவிடும். என் கையே அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தது.

சிகரெட் பெட்டியில் புற்றுநோய்ப் படம் போடவில்லையா என்று இன்னொருவர் கேட்டார். போடுகிறார்கள். 2016 முதல் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தப் பெட்டி, சிகரெட்டை வாங்குகிறவன் கையில் வாங்கும் நேரத்தில் இருக்கிறது. நிறுத்துவதற்கு உதவி கேட்கும் தொலைபேசி எண்ணும் அதிலேயே இருக்கிறது. யார் வீட்டுச் சாவுச் செய்தியையும் அது கொண்டு வருவதில்லை. நான் அனுப்பிய படமோ வண்டி ஓட்டாத எழுபது வயதுக்காரர்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும், பெற்ற தாய்க்கும் போய்ச் சேர்ந்தது. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி அதில் இல்லை.

நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பர் 17ஆம் தேதி, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் தாமல் அருகே யூடியூபர் டி.டி.எஃப். வாசன் முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்து விழுந்தார். பைக் பறந்து போய் விழும் காட்சி அன்று மாலைக்குள் எல்லார் போனிலும் வந்துவிட்டது. உடல் கவசம் போட்டிருந்தார், கை முறிவோடு தப்பினார். பாலுச்செட்டிசத்திரம் போலீசார் வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். ஜாமீன் முதலில் கிடைக்கவில்லை. காஞ்சிபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஓட்டுநர் உரிமத்தை 10 ஆண்டுகளுக்கு ரத்து செய்தது. நம் குடியிருப்புப் பிள்ளைகள் அந்தக் காட்சியைப் பார்த்துப் பயந்தார்களா? கீழே பார்க்கிங்கில் இருவர் அதை மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். "செமயா பறக்குது இல்ல" என்றான் ஒருவன். உரிமம் போனதைச் சொன்ன பிறகுதான், "பத்து வருஷமா அங்கிள்?" என்று முகம் மாறியது. விபத்துக் காட்சி செய்யாததைத் தண்டனைச் செய்தி செய்தது.

அப்படியானால் எந்தப் படமும் பயன்படாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். 2019 செப்டம்பர் 12ஆம் தேதி, சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த 23 வயதுப் பெண் பொறியாளர் மீது, அனுமதியில்லாமல் வைத்த திருமண பேனர் சாய்ந்தது. கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்த பேனர் விழும் சிசிடிவி காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கேள்வி கேட்டது, இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. அரசியல் கட்சிகள் பேனர் வைக்காதீர்கள் என்று தொண்டர்களிடம் சொன்னார்கள். அந்தக் காட்சி இல்லாவிட்டால், "வண்டியை ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லை" என்று அந்தப் பெண் மீதே பழி போட்டிருப்பார்கள்.

இங்கேதான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. விபத்து எதனால் நடந்தது என்று காட்டும் படம் வேறு. அடிபட்ட உடலைக் காட்டும் படம் வேறு. பேனர் எப்படி விழுந்தது என்பது ஊர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். லாரி ஏறிய பிறகு அந்தப் பெண் எப்படிக் கிடந்தார் என்பது அப்படியல்ல. நம் பையன் விஷயத்தில் உண்மையாகவே விழிப்புணர்வு வேண்டுமானால், விளக்கில்லாமல் நின்ற அந்த வண்டியின் படம் வந்திருக்க வேண்டும். அதை யாரும் எடுக்கவில்லை. அத்தனை போனும் அவன் முகத்தைத்தான் பார்த்தன.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தொலைக்காட்சிகளுக்கு இருக்கிறது. 2023 ஜனவரி 9ஆம் தேதி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் எல்லா சேனல்களுக்கும் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. அதற்குப் பத்து நாள் முன்புதான் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் கார் விபத்தில் அடிபட்டு ரத்தத்தோடு இருந்த காட்சியை மறைக்காமல் காட்டியிருந்தார்கள். உடல்களையும் காயங்களையும் இப்படி நெருக்கமாகக் காட்டாதீர்கள், சமூக ஊடகத்தில் வந்ததை அப்படியே எடுத்துப் போடாதீர்கள் என்றது அந்த அறிவுறுத்தல். ஆனால் நம் வாட்ஸ்அப் குழு தொலைக்காட்சி அல்லவே.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 2006இல் ஒரு கார் விபத்தில் இறந்த 18 வயதுப் பெண்ணின் படங்கள், நெடுஞ்சாலைக் காவல் துறை ஊழியர்கள் மூலமாகவே வெளியே போயின. பிறகு இணையம் முழுக்கப் பரவி, கேலி வார்த்தைகளோடு அவருடைய தந்தையின் மின்னஞ்சலுக்கே வந்தன. அந்தக் குடும்பம் வழக்காடி, 2012இல்தான் சமரசமாகி இழப்பீடு பெற்றது. பணம் வந்தது, படங்கள் இணையத்திலிருந்து போகவில்லை. 2020இல் கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்ட் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோதும் அதே கதை நடந்த பிறகு, மீட்புப் பணிக்கு வருகிறவர்கள் வேலைக்குத் தேவையில்லாமல் இறந்தவர்களைப் படம் எடுப்பது குற்றம் என்று அந்த மாநிலம் சட்டம் கொண்டு வந்தது.

நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. ஆனால் அது உயிரோடு இருப்பவருக்கு. மறைந்த முதல்வர் ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படங்கள் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல், அந்தரங்க உரிமை வாரிசுக்குச் சொத்து போல வந்து சேராது, ஒருவரோடு முடிந்துவிடுகிறது என்று சொன்னது. ஆகவே அந்த அம்மா கோர்ட்டுக்குப் போயிருந்தாலும் என்ன கிடைத்திருக்குமோ. சட்டம் நிற்கிற இடத்திலிருந்து மீதித் தூரம் நாம்தான் நடக்க வேண்டும்.

அதற்கு என் தொழில் எனக்கு இரண்டு பாடம் சொல்கிறது.

வங்கியில் சேர்ந்த முதல் நாளே ஒரு உறுதிமொழிக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று. ஒருவர் கணக்கில் 12 ரூபாய்தான் இருந்தாலும் அது ரகசியம். அவர் இறந்த பிறகும் நாமினிக்கோ வாரிசுக்கோ தவிர யாருக்கும் சொல்லக் கூடாது. முதலில் அவர்களுக்குத்தான் தெரிய வேண்டும். பன்னிரண்டு ரூபாய்க்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவன், ஒரு பிள்ளையின் கடைசிக் கோலத்தை அவன் தாய்க்கு முன்பாக நானூறு பேருக்குக் காட்டிவிட்டேன்.

இன்னொன்று, "நானா எடுத்தேன், வந்ததைத்தானே அனுப்பினேன்" என்கிறோமே, அதற்கு. காசோலையின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்கு மாற்றுவதற்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர். வணிகவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், 1881ஆம் ஆண்டுச் சட்டம். காசோலை எழுதியவர் வேறு ஆளாக இருக்கலாம். ஆனால் பின்னால் கையெழுத்துப் போட்டு மாற்றிவிட்டவருக்கும் பொறுப்பு உண்டு. பணம் வராவிட்டால் அவரையும் கேட்கலாம். ஃபார்வர்டு பட்டனும் அதுதான். எடுத்தவன் ஒருவன், வரி சேர்த்து அனுப்பிய நான் இரண்டாவது கையெழுத்து. அன்று நான் என் பதிவை அரை மணி நேரத்தில் அழித்தேன். அதற்குள் பலர் சேமித்து வேறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்கள். பையனின் தங்கைக்கு அவள் கல்லூரிக் குழுவிலும் வந்திருக்கிறது. நோட்டு கைமாறிய பிறகு கவுன்டரில் நின்று கத்தி என்ன பயன்?

இனி வேறு என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. விபத்தைப் பார்த்தால் போனை எடுங்கள், ஆனால் 108க்கு அழைக்க. போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டு, மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவும் வந்துவிட்டது. உதவுகிறவர் தம் பெயரைக் கூடச் சொல்ல வேண்டியதில்லை.

2. பணம் யார் கட்டுவது என்றும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

3. அடிபட்டவருக்கு மூச்சு விட முடிகிறது என்றால், பயிற்சி இல்லாத நாம் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். கழுத்து எலும்பு அடிபட்டிருக்கலாம். தண்ணீரும் கொடுக்க வேண்டாம். நான்கு பேர் சுற்றி நின்று வண்டிகள் மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டாலே பெரிய உதவி.

4. படம் எடுக்கத் தேவையும் வரும். இழப்பீட்டு வழக்கில் குடும்பத்துக்கு உதவும். மோதிய வண்டியின் எண், சாலைப் பள்ளம், எரியாத விளக்கு, வண்டிகள் நின்ற இடம், இவற்றை எடுங்கள். போலீசிடமும் குடும்பத்திடமும் கொடுங்கள். குழுவில் வேண்டாம்.

5. நம் குழுவுக்கு வந்தால் அட்மின் உடனே நீக்கலாம். அந்த வசதி அட்மினுக்கு இருக்கிறது. நீக்கினால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. என்னுடையதை நீக்கியிருந்தால் நான் அன்று கோபித்திருப்பேன். இன்று நன்றி சொல்வேன்.

6. பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டும் என்றால் நேரில் சொல்லுங்கள். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், பின்னால் உட்காருகிறவருக்கும் உண்டு என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், காய்கறி வாங்க ராஜாஜி மார்க்கெட்டுக்குப் போகும்போது நாம் போடுவோம். நம் வீட்டு அப்பாக்கள் பாதிப் பேர் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போவதைப் பிள்ளைகள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, கோயில் ஊரான நம் ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். இப்போது பழகிவிட்டது. சில இடங்களில் படம் எடுக்கக் கூடாது என்பது நமக்குப் புதிதல்ல. உயிருக்குப் போராடுகிற ஒருவனுக்கு முன்னால் நிற்பதையும் அந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வோம் என்றுதான் கேட்கிறேன்.

என் கோரிக்கை ஒரே வரி: "விபத்தில் சிக்கியவர்களின் உடலோ முகமோ தெரியும் படங்களையும் காட்சிகளையும் நம் குழுவில் பகிர்வதில்லை" என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போடுவோம். காரணத்தைக் காட்டும் படங்களுக்குத் தடை இல்லை. பொன்னேரிக்கரை அருகே விளக்கில்லாமல் வண்டிகளை நிறுத்துவது பற்றி ஒரு மனு தயார் செய்து வைத்திருக்கிறேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும். அதில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். படத்தை ஃபார்வர்டு செய்யும் வேகம் அந்தக் கையெழுத்திலும் இருக்கட்டும்.

அந்த அம்மா இப்போதும் நம் பிளாக்குக்கு வருகிறார். போனை நீட்டி எதையாவது காட்டினால் இப்போதெல்லாம் அவர் பார்ப்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கல்யாணப் படமாக இருந்தாலும் அப்படித்தான். அவரிடம் எதைக் காட்டுவதானாலும், முதலில் அது என்ன என்று வாயால் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.